இருநூற்றுப் பதினேழாம் தாள்

எர்ஸுரூமில் மார்ச்சிலும் பனி பெய்கிறது.
ஆய்வறை ஹீட்டருக்கு ஒரு பக்கம்தான் உயிர்.
என் இடது தோளில் வசந்தம் வந்துவிட்டது,
வலது தோளில் இன்னும் இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு வினாத்தாள்கள்.
பேராசிரியர் ஷெவ்கெத்துக்கு எண்கள் போதும்.
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்.

கலங்குகிறவர்கள் இணையத்தில் மூழ்குகிறார்கள்,
பொறுப்புள்ளவர்கள் கரையில் நிற்கிறார்கள்.
கணினி அப்படித்தான் கோடு இழுக்கிறது.
சாய்வு அழகாக வருகிறது என்கிறார்.

217. கால்நடை மருத்துவம், இரண்டாம் ஆண்டு, விடுதி.
எளிதில் கலங்கிவிடுவேன்:
வட்டம் இல்லை. ஓரத்தில் பென்சில் எழுத்து.
"எத்தனை மணிக்குக் கேட்கிறீர்கள்?
விளக்கணைக்கும் முன் இரண்டு.
அறையில் மற்றவர்கள் தூங்கியபின் ஐந்து."

அந்நியரிடம் பேசக் கூச்சப்படுவேன்:
"இங்கே ஐந்து.
அங்கே என்னைக் கேப்டன் என்கிறார்கள், ஒன்பது பேர்.
ஒருவன் ஓயாமல் இருமுவான்.
மருந்து சாப்பிட்டாயா என்று நான்தான் கேட்பேன்."

எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்:
"ஐந்து. அதுதான் சிக்கலே."

ஓரத்துக்கு நிரல் கிடையாது.
தகவல் இல்லை என்பதற்கு 999 போட வேண்டும்.
போட்டேன்.

கீழே தேநீர்க்கடையில்
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
அதன் வழியே உறிஞ்சினேன், இந்த ஊர் வழக்கப்படி.
கட்டி மிச்சமிருந்தது, இன்னொரு கோப்பை.
தேநீர் மிச்சமிருந்தது, இன்னொரு கட்டி.
கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்.

இரவு, சும்மா பார்க்கலாம் என்று,
கேப்டன் என்று தேடினேன்.
உலகத்தில் இத்தனை கேப்டன்களா.
குரல் அறைகள் ஒவ்வொன்றாக நுழைந்து
ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
சுடுகிறார்கள், திட்டுகிறார்கள்,
யாரோ ஒருத்தி சிப்ஸ் தின்கிறாள்.
ஒரு மணி. இரண்டே கால்.
காலையில் எட்டுக்குக் கூட்டம் என்று தெரியும்.
இன்னும் ஒரே ஒரு அறை.

வெளியே பனிவண்டி தெருவை வழித்துக்கொண்டு போனது.
நாலு மணிக்கு மேல்
ஏதோ ஓர் அறையில் யாரோ இருமினார்கள்.
காத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
மறுபடி இருமல், நீளமாக.

முன்னோட்டத் தாளில்
கூச்சத்துக்கு ஐந்து போட்டவள் நான்.
ஒலிவாங்கியைத் திறந்து
மருந்து சாப்பிட்டாயா என்றேன்.

துப்பாக்கிகள் நின்றன.
யாரது, என்றது ஒரு குரல்.