மூன்று கிலோ நூற்றறுபது

முட்டைப் பொரியலில் கறுப்பாய் ஒரு செதில்.
மிளகென்று நினைத்தேன்.
நான் மிளகு போடவில்லை.

நாலு வருசத்தில் இது மூன்றாவது தாச்சி.
தோஹாவிலிருந்து கார்கோ பெட்டியில்
போர்வைக்கும் பால்மா டின்களுக்கும் நடுவே
பேரீச்சம்பழம் மணக்க மணக்க வந்து சேரும்.
முதல் மாதம் முட்டை
விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.
ஆறாம் மாதம் நடுவில் ஒரு சொறி.
பிறகு சொறிக்குப் பக்கத்தில் சொறி.
மரக்கரண்டிதான் போட்டேன்,
தும்பால் ஒருநாளும் தேய்க்கவில்லை,
பெட்டியில் எழுதியிருந்த அத்தனைக்கும் அடங்கினேன்.
மாமிக்குக்கூட நான் இவ்வளவு அடங்கியதில்லை.

உரிந்ததெல்லாம் எங்கே போயிற்று?
கணக்கு டீச்சர் நான், கணக்குப் பார்த்தேன்.
கழுவிய தண்ணியோடு கொஞ்சம்.
மிச்சம்?
சஹ்லா தூங்கிக்கொண்டிருந்தாள்,
வயிறு ஏறி இறங்க.

செவ்வாய்க்கிழமை நிந்தவூரில் பஸ் ஏறினேன்
பிரிட்ஜ் கதவிலிருந்த நண்டுக் காந்தத்தைக்
கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு.

கல்முனையில் முதல் கடை, கண்ணாடிக் கதவு.
"இது மாபிள் கோட்டிங், ராத்தா."
அதுவும் பூச்சுத்தானே என்றேன்.
"கல்லுப் பூச்சு" என்றான்.
"அப்ப இது? சுத்த இரும்பு."
நண்டை வைத்தேன்.
பிடிக்காமல் வழுக்கி மேசையில் விழுந்தது.
கறுப்பு மை தடவிய அலுமினியம்.
பையன் நண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

சந்தைக்குப் பின்னால்
ஆணியும் வலைக்கயிறும் விற்கிற கடை.
மண்வெட்டிகளுக்கு அடியில் குப்புறக் கிடந்தது,
துரு தின்ற விளிம்போடு.
நண்டு பாய்ந்து கவ்விற்று.
பிடுங்க இரண்டு விரல் வேண்டியிருந்தது.
முட்டியால் தட்டிப் பார்த்தேன்.
வெடிப்பிருந்தால் தொண்டை கட்டிய சத்தம் வரும்;
இது கூவிற்று.

ஆதம்லெவ்வை கதிரையை விட்டு எழும்பவில்லை.
ஆணி நிறுக்கிற தராசைக் காட்டினார்.
மூன்று கிலோ நூற்றறுபது.
ஐந்து பிள்ளைகளின் ஒரு மாத டியூஷன் காசு.
கேரண்டி இருக்கா என்றேன்.
"தாச்சிக்கு இரிக்கி.
கால்ல விழுந்தா காலுக்கு இல்ல."

துருவை மணலால் தேய்த்து,
தேங்காயெண்ணெய் பூசி, காய்ச்சி, ஆறவிட்டு,
திரும்பவும் பூசி.
குசினி முழுக்கப் புகை.
பக்கத்து வீட்டு மசூதா மதிலுக்கு மேலால் எட்டி
"என்ன புள்ள, வீடா பத்துது?"

முதல் ரொட்டி ஒட்டியது.
இரண்டாவதும்.
மூன்றாவதை நான் யாருக்கும் காட்டவில்லை.
சூடை மீனைப் போட்டுப் புரட்டப் போனால்
விடமாட்டேன் என்கிறது.
கை துறுதுறுத்தது.
அடுப்பைக் குறைத்துவிட்டு,
கொப்பியில் இரண்டு கணக்குத் திருத்தினேன்.
வந்து பார்க்க,
தோல் பொன்னாகி
மீனே தாச்சியை விட்டிருந்தது.

இரவு வீடியோவில் இஸ்ஸதீன்.
"எங்க நான் அனுப்பின தாச்சி?"
போனைத் திருப்பிக் காட்டினேன்.
கிணற்றடியில் கோழிக்குத் தண்ணி.
மூடி மட்டும் இரும்புக்கு அளவாய்ப் பொருந்துது, மச்சான்,
அதை வைத்துக்கொண்டேன்.

சண்டைக்குத் தயாராய் இருந்தேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் யாரோ வெங்காயம் வதக்கும் சத்தம்.
"இஞ்சயும் உரிஞ்சுதான் இரிக்கி.
எட்டுப் பேரும் அதிலதான் பொரிக்கிற."

அன்றிரவு கணக்கு வேறு மாதிரிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை நிஹ்மத் தோஹாவுக்குப் பறக்கிறான்.
முப்பது கிலோவில் மூன்று கேட்டேன்.
முகம் சுருங்கியது.
கருவாட்டைக் குறை என்றேன்.

இந்த முறை ஆதம்லெவ்வை எழும்பினார்.
இன்னொன்று இல்லையாம்.
புகையில் நான் பழக்கியதையே
பழைய சாரத்தில் சுற்றிக் கட்டினேன்.
கட்டும்போது உள்ளே ஏதோ இடித்தது.

நண்டு.
எடுக்கவில்லை.
அது பிடித்தபடியே போகட்டும்.