லாட் 614

ஜன்னல் வடக்குப் பார்த்தது.
வெயில் நேராக விழாத வெளிச்சத்தில்தான்
இலை பொய் சொல்லாது.
ஜூலையில் ஸிவ்ரிக்கு அந்த வெளிச்சமும் கிடையாது.
ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு
மேகம் விலகக் காத்திருப்பேன்.
கிரித் பாய் இரண்டு முறை எட்டிப் பார்ப்பார்,
மூன்றாம் முறை இருமுவார்.

வெள்ளைத் தட்டில் ஒரு பிடி.
பச்சை என்று ஒரு நிறம் இல்லை.
ஆஸ்பத்திரித் திரையின் பச்சை உண்டு,
பஸ் சீட்டின் பச்சை,
கழுவாத மீன்தொட்டியின் பச்சை.
மஞ்சள் தட்டினால் கிடங்கில் தூங்கிய இலை.
ஓரம் சிவந்தால் பறித்தபின்
அடுப்புக்கு நேரத்தோடு வந்து சேராத இலை.
ரொம்பவும் பச்சையா, தாளில் தேய்ப்பேன்.
தாள் பச்சையானால்
அது முகப்பூச்சு.

ஒன்றை எடுத்து ஒடிப்பேன்.
சத்தம் வேண்டும்.
சத்தமில்லாமல் வளைந்தால்
இந்த ஊர் மழை உள்ளே போய்விட்டது.

பிறகு இரு கையையும் குவித்து
வாயால் ஊதுவேன், கண்ணாடி துடைக்க ஊதுகிற மாதிரி.
என் சூட்டை வாங்கிக்கொண்டு
அது தன் மூச்சை விட வேண்டும்.
படிவத்தில் ஐந்து கட்டம், ஐந்திலும் எண்.
ஈரச் சீருடையை அயர்ன் செய்யும்போது எழும் ஆவி,
பாசிப்பயறு வெந்து மூடி திறந்த கணம்,
தூரத்துக் கடல்
என்றெல்லாம் எழுத இடமில்லை.
எட்டு என்று எழுதுவேன்.

இதற்காக
பதினாறு வருஷமாய்த் தலைக்கு எண்ணெய் இல்லை,
சோப்பில் வாசனை இல்லை,
சனிக்கிழமை இரவு தவிரப் பூண்டு இல்லை.
மாட்டுங்காவில் பூ விற்கும் செங்கமலம்
முழம் என்ன விலை என்று
என்னிடம் மட்டும் சொல்வதே இல்லை.

614 வந்தது ஒரு புதன்கிழமை.
மூட்டையின் தையலைப் பிரித்த தத்தாராம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்:
"மேடம், கல்யாண வீடு!"
மல்லிகை.
பூவோடு ராத்திரி படுத்து
காலையில் பூவைச் சலித்துவிட்டு எழுந்த இலை
மெதுவாகத்தான் வாசலுக்கு வரும்.
இது கதவைத் தட்டவே இல்லை.
ஊதினேன். மல்லிகை.
மறுபடி ஊதினேன். மல்லிகை, கொஞ்சம் களைப்பாக.
மூன்றாவது மூச்சில் அது இறங்கிப் போக
அடியிலிருந்து வந்தது
வருஷக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்த சூட்கேஸ்.

சிவப்பு முத்திரை குத்தினேன்.
கிரித் பாய் ஒன்றும் சொல்லவில்லை.
இருமவும் இல்லை.

கணபதிக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா.
தங்க மூடி, மயில்,
விலையைப் பார்த்து என் நாத்தி
கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
மூடியின் ஓரத்தில் பொடி எழுத்தில்:
நிபுணர்களால் முகர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டது.
அந்தக் கிடங்கில் முகர்கிற மூக்கு
ஒன்றுதான் இருக்கிறது.
ரயிலில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
வடாலா வரை.

திறந்தேன்.
ஊதக்கூடத் தேவைப்படவில்லை,
வா என்பதற்குள் வந்துவிட்டது.

எறிய மனம் வரவில்லை.
நாத்திக்குப் போட்டுக் கொடுக்கவும் வரவில்லை.
வாசல் கதவுக்குப் பின்னால்
நாலு ரெயின்கோட்டும் சொட்டுகிற மூலையில்
மூடியைக் கழற்றி வைத்தேன்.
வாசனையை உறிஞ்சத் தெரியும் அதற்கு,
அதைத்தானே செய்துகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிறு,
தலையில் செங்கமலத்தின் ஒரு முழம்,
விலை கேட்டு வாங்கியது.
சும்மா ஒரு பிடி அள்ளினேன்.
பழக்கத்தில் கை குவிந்தது.
ரப்பர், ஈரத்துணி, ஹார்பர் லைன் பெட்டியின் கம்பி,
என் பையனின் ஷூ.
பூ எங்கேயும் இல்லை,
அல்லது இருந்தது,
என்னுடையதா அதனுடையதா தெரியவில்லை.
இன்னொரு முறை ஊதினேன்.
மூன்றாவது மூச்சிலும்
அதே ரப்பர், அதே ஷூ.

படிவம் வீட்டில் இல்லை.