இருபத்தொரு யுனிற்

மின்மானிக் கண்ணாடியில்
பல்லி முட்டையொன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது.
கடைசி இலக்கத்தை மறைப்பது அதுதான்.
தலையைச் சரித்து, ஒரு கண்ணை மூடி
நான் வாசிப்பேன்; லுகேஷினி எழுதுவாள்.
பின்னேரம் ஆறு மணி. திகதி, இலக்கம், கையொப்பம்.

தையில் நாளுக்கு முப்பத்தெட்டு.
மாசியில் முப்பத்தொன்று.
சிவப்பு பில் வந்த பிறகு
அயன்பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.
சீருடையை மெத்தைக்கடியில் மடித்து வைத்து
இரவெல்லாம் எங்கள் பாரத்தால் தேய்த்தோம்.
படிக்க ஒரே மண்டபம்.
ஒன்பதடிக்க எல்லாம் அணை.
பங்குனி முடிய இருபத்தொன்று.

சாப்பாட்டறைச் சுவரில் சோக்கால்
பெரிதாய் எழுதினேன், இரண்டு கோடும் இழுத்தேன்.
கழுவாஞ்சிகுடியில் எந்தக் கட்டடமும்
இவ்வளவு இருட்டாய் இருக்காதென்று
பெருமைப்பட்டேன்.

சனிக்கிழமை கடதாசி.
கல்முனையிலிருந்து றஊப் நானா
லேண்ட்மாஸ்டரைக் குலுக்கிக்கொண்டு வருமுன்
மூன்று சாக்கையும் பிரித்துவிட வேண்டும்.
மட்டை வேறு, கொப்பித்தாள் வேறு.
யோக்கட் கோப்பை கழுவினால்தான் எடுப்பார்.
பிஸ்கட் உறையை எப்படிக் கழுவினாலும் எடுக்கமாட்டார்;
அது மட்டும் மூலையில் வளர்கிறது.
ஒருபக்கம் வெறுமையான தாள்களெல்லாம் எனக்கு.
அடிமட்டத்தால் நீவி, வலைநூலால் தைத்து
நாற்பது தாளுக்கு ஒரு கொப்பி.

அப்படி நீவியதில் ஒன்று,
கசக்கிய கசக்கில் உருண்டையாகிக் கிடந்தது.
பென்சில் எழுத்து.

அம்மா, நான் நல்ல சுகம்.
இஞ்ச இரவில லைற் இல்ல.
அஞ்சு மணிக்குப் பொறகு தண்ணி குடிக்கிறல்ல.
குடிச்சா கக்கூசுக்குப் போகணும்.
நேத்துக் குடிச்சிட்டன். மறுகா

மறுகாவோடு நின்றிருந்தது.

பெயர் போடவில்லை. போட்டிருக்கத் தேவையுமில்லை.
குருமண்வெளித் துறையில் பாதை ஏறி
மண்டூரிலிருந்து வரும் தர்மிகா,
ஆறாம் ஆண்டு, ஓரக் கட்டில்.
எல்லோருக்கும் முன்னே எழும்பித்
தன் விரிப்பைத் தானே தோய்ப்பவள்.
துப்புரவான பிள்ளையென்று
போன கிழமைதான் நட்சத்திரம் கொடுத்திருந்தேன்.

நடைபாதைக் குமிழ் ஒன்பது வாற்று.
ஒன்பது மணித்தியாலம் எரிந்தால்
ஒரு யுனிற்றில் பத்திலொன்றும் வராது.
கணக்கு எனக்கு வராததல்ல.
போட்டுப் பார்க்கவில்லை.

வாசலில் நன்கொடையாளர் பலகை.
கறுப்புக் கல்லில் பொன்னெழுத்து,
மேலே இரண்டு குமிழ், விடிய விடிய.
இராத்திரியில் அந்தப் பெயரை
மாடுகளைத் தவிர யார் வாசிக்கிறார்கள்?
சிக்கனமென்று வரிசையாய் அணைத்துப் போன எங்களுக்கு
அதன் சுவிச் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது.
தேடவில்லை. லுகேஷினி என் தோளில் ஏறினாள்.
துவாயைச் சுற்றித் திருகினாள். சூடு.
ஈசல் இரண்டு அவள் தலைமயிரில் விழ
"விடாமப் பிடிகா" என்று பல்லைக் கடித்தாள்.

ஒன்று நடைபாதைக்கு.
மற்றது சவர்க்காரப் பெட்டிக்குள், கையிருப்பு.

திங்கள் காலை வோடன் மிஸ் கேட்டா:
"போட்டுப் பல்ப் எங்க?"
"இடம் மாத்தினம் மிஸ்."
அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தா.
நன்கொடையாளர் வரும் நாளில்
திருப்பிப் பூட்டச் சொன்னா. வேறொன்றும் இல்லை.

அன்றைய வாசிப்பும் இருபத்தொன்றுதான்.
நம்பாமல், நகத்தால் முட்டையைச் சுரண்டிவிட்டுப்
பார்த்தேன். இருபத்தொன்று.

அந்தத் தாளை நான் தைக்கவில்லை.
றஊப் நானாவின் தராசிலும் ஏற்றவில்லை.
எந்தச் சாக்கிலும் சேராமல்
என் கணக்குக் கொப்பிக்குள் கிடக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் தர்மிகா
தண்ணீர்க் கோப்பையைப் பாதிக்குக் குடித்தாள்.
வைத்துவிட்டு,
கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.