அப்ரூவல் வாங்கிய நீலம்

ஏ-யைத் திருப்பி அனுப்பினாள் தெஸ்பினா:
எங்கள் கடல் இது இல்லை.
பி-க்கும் அதே பதில்.
சி போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி வந்தது:
இன்னும் கொஞ்சம் கடலாக.

அருள்புரம் சாயப்பட்டறை லேபில்
அத்தப்பண்ணன் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.
"கொஞ்சம் கடலுன்னா எத்தனை கிராமுங் அம்மிணி?"
பீக்கரைச் சாய்த்து
டர்க்காய்ஸ் ஒரு சொட்டு கூட்டினார்.
டி பாஸ்.

பன்னிரண்டாயிரம் டி-சர்ட்.
நெஞ்சில் தீவின் பெயர், மூன்றே எழுத்து, ஐ ஓ எஸ்.
"போனுக்குள்ள இருக்கறதுதானுங்க்கா இது?"
என்றார்கள் செக்கிங் பையன்கள்.
இயோஸ்டா, ஊர் பேரு, என்றேன்.
சொன்ன வாய்க்குள் உப்புக் கரித்தது.

சீட்டு எடுத்த மாசம் அது.
நாலு வளையல் பண்ணிக்கோ என்றது வீடு.
நானும் பேக்கிங் மல்லீஸ்வரியும்
ஏதென்ஸ் இறங்கிக் கப்பலேறினோம்.
கைப்பையில் புளிச்சோறு,
ரெண்டு விரல் அகலத்தில் நாலு துணித்துண்டு.

காலை பத்தரைக்கு
ஏ-யைத் தண்ணீர்மேல் பிடித்தேன்.
துணி எங்கே முடிகிறது என்று
விரல் தடவித்தான் தெரிந்தது.
பி-யைக் காற்று பிடுங்கிப் போய்
கடலில் போட்டது.
கண்ணெதிரேதான் விழுந்தது,
எவ்வளவு தேடியும் காணோம்.
அவ்வளவு மேட்ச்.

சுடிதாரோடு இறங்கினாள் மல்லீஸ்வரி.
சுற்றிலும் கைக்குட்டையளவு துணியில்
உலகமே மல்லாந்து கிடந்தது.
ஒருத்தரும் எங்களைப் பார்க்கவில்லை.
முதலில் அது சங்கடமாக இருந்தது,
அப்புறம் சுகமாக.

மதியம் வெயிலுக்கு ஒதுங்கிய மியூசியத்தில்
தலையில்லாத ஒரு கல் பெண்.
முழங்காலில் ஒட்டி விழும் மடிப்பைப்
பத்து நிமிஷம் குனிந்து பார்த்தாள் மல்லீஸ்வரி.
"நூத்திநாப்பது ஜிஎஸ்எம்.
ஒரு ஊசி ஓட்டை இல்லீங்."

மலைமேல் வெள்ளைக் கோயில்.
சூரியன் இறங்க இறங்க
எல்லாரும் போனை உயர்த்தினார்கள்,
நான் சி-யை.
அஞ்சு நிமிஷம் அது கடலாக இருந்தது.

டி மட்டும் எதிலும் சேரவில்லை.

ராத்திரி பன்னிரண்டுக்குமேல்
காதர்பேட்டைச் சந்து போலொரு சந்து,
கடைக்குக் கடை பாட்டு,
பல்லுக்குள் அதிர்ந்தது.
நூறு ஓவர்லாக் ஓடும் ஹாலில்
பத்து வருஷம் நின்ற காதுகள் எங்களுடையவை,
ஒன்றும் ஆகவில்லை.
மல்லீஸ்வரி கும்மியில் ஒரு அடி எடுத்து வைக்க
பின்னால் ஏழெட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள்
தப்பும் தவறுமாய்க் கைதட்டி வந்தார்கள்.
அதில் ஒருத்தன் எங்கள் டி-சர்ட்.
வியர்வையில் நனைந்தும் சாயம் இறங்கவில்லை,
கழுத்து ரிப் மட்டும் சற்றுத் தளர்ச்சி.
குறித்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு பார்க்காரன்
நீலமாய் ஒரு குவளை வைத்தான்.
டி-யை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன்.
வித்தியாசம் பூஜ்யம்.

குடிக்கவில்லை என்றுதான்
ஊரில் சொல்லியிருக்கிறோம்.

திங்கட்கிழமை லேபில் எல்லாம் சொன்னேன்.
அத்தப்பண்ணன் சிரிக்கவில்லை.
லைட் பாக்ஸ் அடியில் ஏ-யை வைத்து
நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இது ஆழியாத்து அணைங்.
பையனுக்கு மொட்டை போட்டுட்டு வர்றப்ப
கரையில சித்தெ நின்னமுங்.
அந்தத் தண்ணிய நெனச்சுத்தான் கலக்கினேன்."

எத்தனை மணி இருக்கும்ங்ணா?

"வெயில் ஏறலீங்.
பத்து, பத்தரை."

வெளியே மெஷினில்
டி கொதித்துக்கொண்டிருந்தது.
ரிப்பீட் ஆர்டர்.
இருபதாயிரம்.