இரவு செய்தவன்

மே பாதி கடந்துவிட்டால்
ஹாமர்ஃபெஸ்ட்டில் சூரியன் இறங்குவதில்லை.
துல்லாவும் நிறுத்துவதாக இல்லை.

சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை,
கன்னத்துக்கொரு ஆரஞ்சுப் பொட்டு.
தொண்ணூறு கிராம் காக்கட்டீல்.
ஜோடி கிடையாது, இருந்ததும் கிடையாது.
ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முட்டை
கூண்டுத் தரையில்,
பழைய நாளிதழின் வானிலைப் பக்கத்தின்மேல்.

ஐலிஃப் எடுத்து எடுத்து எறிந்தான்.
எறிந்த இடத்தை அவள் நிரப்பினாள்,
வட்டிக்கு வாங்கியவள் தவணை கட்டுவதுபோல்
நாள் தவறாமல்.

பதினோராவதற்கு ஓடு இல்லை.
விரல் பட்டதும் அமுங்கியது,
மூடிய கண்ணிமையைத் தொட்டாற்போல.
துல்லா இறகை உப்பிக்கொண்டு மூலையில் கிடந்தாள்.
மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது.

மருத்துவர் ஆஸ்லௌக்
கலைமான்களுக்கு ஊசி போட்டு வந்த கையைக் கழுவிவிட்டு
ஒற்றை விரலால் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.
"ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாய்?
இவள் எலும்பிலிருந்து."
பிறகு,
"எடுக்காதே. எடுக்க எடுக்க இடுவாள்.
பொய் முட்டை வை, உட்கார்ந்து அலுக்கட்டும்.
கணவாய் ஓடு கட்டித் தொங்கவிடு.
பகலைக் குறை.
ஆமாம், முதுகைத் தடவிக் கொடுக்கிறாயா?"
ஐலிஃப் தலையாட்டினான்.
"இனி தலையை மட்டும்.
முதுகு புருஷனுக்கு."

ஐம்பத்து நான்கு வயது,
பனி வாரும் வண்டியோட்டி,
காதுமடல் வரை சிவந்துபோனான்.

பகலைக் குறை என்றால்?
ஊரே பகல்.
மூன்று சுருள் அலுமினியத் தாள் வாங்கினான்.
சன்னலுக்கு ஒட்டினான், சாவித்துவாரத்துக்கு ஒட்டினான்,
குளிர்பெட்டிக்குள் இருந்த விளக்கைத் திருகி எடுத்தான்.
எதிர்வீட்டு குன்வோர் படியில் நின்று கேட்டார்:
"என்ன செய்கிறாய்?"
"இரவு."
அவர் கதவைச் சற்று வேகமாகவே சாத்திக்கொண்டார்.

ஒற்றை அறை வீடு.
மாலை ஆறுக்கு அவளுக்கு இருட்டினால்
அவனுக்கும் இருட்டியது.
தொலைக்காட்சி இல்லை.
ரொட்டியைத் தடவித் தடவித் தின்றான்.
கண்ணாடியில் அவள் காதலனைப் பார்க்கிறாள் என்று
அதையும் கழற்றி அலமாரியில் பூட்டியதில்
சவரம் செய்த மோவாயில் இரண்டு வெட்டு.
செருப்புப் பெட்டி போயிற்று, சூடான கஞ்சி போயிற்று.
அவள் புகுந்து பார்த்த பூட்ஸ்
வாசலுக்கு வெளியே மழையில் நனைந்தது.
மூன்று நாளுக்கொரு முறை கூண்டை இடம் மாற்றினான்.
குடித்தனம் நிலைத்தால்தானே தொட்டில் கட்டத் தோன்றும்.

காலையில் கதவு திறந்ததும் அவள் வருவாள்.
தோளில் இறங்கி, குனிந்து, வாலைத் தூக்கி
மெல்ல ஒரு சத்தம் எழுப்புவாள்.
பனிப்புயலில் மலைப்பாதை திறந்த கை அது.
அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது
அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ட்ரோம்சோவிலிருந்து தபாலில் வந்த
நான்கு பிளாஸ்டர் முட்டைகளின்மேல்
துல்லா பதினெட்டு நாள் இருந்தாள்.
இருபது.
இருபத்து மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்,
எழுந்து உதறிக்கொண்டாள்.
ஒன்றை மிதித்துத் தாண்டினாள்,
இன்னொன்று உருண்டு கம்பியில் முட்டியது.
அவள் தினைக் கதிருக்குப் போனாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.

ஐலிஃப் கொஞ்ச நேரம் பார்த்திருந்தான்,
அவளாவது ஒருமுறை பார்ப்பாள் என்று.

அன்று நள்ளிரவு தாண்டி வெளியே வந்தான்.
துறைமுகத்தின்மேல் முழுச் சூரியன்.
கண் கூசியது.
கோட்டுப் பையில் ஒரு பிளாஸ்டர் முட்டை,
சில்லறையோடு கிடந்து சூடாகியிருந்தது.

எதிர்ப்படியில் குன்வோர்,
அங்கியோடு, கலைந்த தலையோடு.
"மே மாதத்திலிருந்து தூங்கவில்லை" என்றார்.
கொஞ்சம் தயங்கி,
"உன்னிடம் மிச்சம் இருக்கிறதா?"

அரைச் சுருள் இருந்தது.
எடுத்துவர உள்ளே போனான்,
வெளிச்சம் நுழையாதபடி
கதவை ஒருக்களித்துத் திறந்து.