சமதரை

குன்னூர் ஆஸ்பத்திரியில் பதினாலாம் நம்பர் அறைக்கு வெளியே
ஒரு எடை மிஷின்.
ஏறும்போது முள் ஆடும்,
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
மூச்சுக்கும் எடை உண்டு என்பதுபோல.

மாத்திரை தொடங்கிய வருஷம் நாற்பத்தாறு.
இப்போது எழுபத்தொன்று.
எஸ்டேட்டில் இன்னொரு தராசு.
அதில் என் கொழுந்து
முப்பது கிலோவிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியிருக்கிறது.
"கொழுந்தையெல்லாம் நீயே தின்னுடுறியா செவனம்மா?"
என்பார் கணக்குப்பிள்ளை டேனியல்.
வரிசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.
சிரிக்காவிட்டால் "மறுபடி ஆரம்பிச்சிருச்சா" என்பார்கள்.

குரல் போனது உண்மை.
சுவருக்குள் இருந்துகொண்டு அப்பன் பேரைச் சொல்லி
ஏசிக்கொண்டிருந்தது, போய்விட்டது.
போன இடம் காலியாகக் கிடக்குமா?
பசி வந்து பாய் விரித்தது.
ராத்திரி இரண்டு மணிக்கு உலுக்கி எழுப்பும்.
சோற்றுப் பானையின் அடி,
வெல்லக்கட்டி,
தம்பி மகள் ஸ்கூலுக்கென்று வைத்திருந்த வர்க்கி ஆறு,
பனியில் நமுத்ததைக்கூட விடவில்லை.
காலையில் டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு
அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும்.
ஒன்றும் கேட்காது.

பாதம் எரிகிறது என்று நான் சொன்னது ஆனி மாசம்.
புது டாக்டர். நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தார்.
"எத்தனை நாளா இப்படித் தோணுது?"
எரியுது சார், தோணலை.
எழுதிக்கொண்டார்.
ராத்திரி மாத்திரை ஒன்று ஒன்றரை ஆனது.
செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

ஐப்பசியில் நர்ஸ் ஹெப்சிபாதான்
செருப்பில் ஒட்டிக் காய்ந்த ரத்தத்தைப் பார்த்தாள்.
குனிந்தாள். காலைத் தொட்டாள்.
பிறகு விரலைக் குத்தினாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
"அக்கா, உங்களுக்கு சுகர்."

சொல்ல வெட்கம்தான்,
எனக்குச் சந்தோஷம் வந்தது.
பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்
கேட்காமலே சொன்னேன், எனக்கு சுகர்.
"எனக்கும்தான், ஆறு வருஷமா" என்று
புடவையைச் சற்றுத் தூக்கித் தன் காலைக் காட்டினாள்.
பதினோரு வருஷத்தில்
எனக்கும் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

லைனில் பாகற்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள்.
வெந்தயம் ஊறிய தண்ணீர் எத்தனை கிளாஸ்!
டேனியல்கூடக் குரலைத் தாழ்த்தி
கொய்யா இலையைப் பற்றி ஏதோ சொன்னார்.
அந்த இன்னொரு வியாதிக்கு
ஒரு காய்கூட இந்த வாசலுக்கு வந்ததில்லை.

"தினம் நாற்பது நிமிஷம் நடங்க, சமதரையில."
சமதரையா?
ஹெப்சிபா திருநெல்வேலிக்காரி, பாவம்.
எங்களுக்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே மூன்று படி.
யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது
அருவங்காடு ஸ்டேஷன் பிளாட்ஃபாரம்.
பெயர்ப்பலகையிலிருந்து தண்ணீர்க்குழாய்,
குழாயிலிருந்து மறுபடி பெயர்ப்பலகை.
பதினாலாம் நம்பர் பெஞ்சில் பழக்கமான யேசுராஜும் வருகிறார்.
நாளைக்கு இரண்டு கட்டு பீடி.
அது இல்லையென்றால் மாத்திரை
மண்டைக்குள் பஞ்சை அடைத்துவிடுகிறதாம்.
பிளாட்ஃபாரம் வந்ததும் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார்.
நாற்பது நிமிஷம்.
கேட் தாண்டுமுன் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்கும்,
நான் திரும்பிப் பார்ப்பதில்லை.
என் முந்தானையில் முடிந்திருக்கும் அரை வர்க்கியை
அவரும் கேட்பதில்லை.

"வண்டி போய் ஒரு மணி நேரமாச்சே, எங்க போகணும்?"
என்று ஸ்டேஷன்காரர் முதல் வாரம் விசாரித்தார்.
"இங்கதான்" என்றார் யேசுராஜ்.

நேற்று கார்டைட் ஃபேக்டரி சங்கு ஊதி ஓய்ந்த பிறகு
பழைய குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது,
அதே அப்பன் பேர்.
நான் நிற்கவில்லை.
குழாயடியில் வளைந்து திரும்பும்போது
அதற்கு மூச்சு இரைத்தது.
எனக்கும்தான்.