எண்பத்தெட்டு, இரண்டு தரம்

இருநூற்று நாற்பது பக்கெட். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.
இல்லாததற்குத்தான் விலை, என்றார் ருவந்த மாத்தையா.
எண் எழுதியது நான்.
கறுப்புப் பேனையால், சாய்க்காமல்,
1/240, 2/240 என்று.
உயர்தரப் பரீட்சையில் என் கையெழுத்துக்கு
யாரும் புள்ளி போடவில்லை.
இங்கே ஒரு நாற்காலி போட்டார்கள்.

லேபலில் மலையின் உயரம் இருக்கிறது.
கன்றின் சாதி இருக்கிறது.
பழமாகவே இருபத்தொரு நாள்
கம்பி வலையில் காய்ந்தது இருக்கிறது.
பதினாலாம் நாள் ஹப்புத்தளைப் பக்கமிருந்து
மழை இறங்க,
சந்திரமதியக்கா படங்கை இழுத்துக்கொண்டு ஓடி
வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது இல்லை.
சின்ன லேபல்.

சுவைக்கு மூன்று சொல் வேண்டுமாம்.
கொழும்பிலிருந்து வந்தவர் கரண்டியால் உறிஞ்சினார்,
துப்பினார்.
தோடம்பழத் தோல் என்றார்.
உறிஞ்சினார், துப்பினார். கித்துள் பாணி என்றார்.
மூன்றாவதற்கு என்னைப் பார்த்தார்.
அதுவரைக்கும் நான் கோப்பி குடித்தது
காய்ச்சலுக்கு மட்டும்தான்,
மல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டு.
உறிஞ்சினேன்.
துப்ப வேண்டும் என்று தெரியும், வாய் கேட்கவில்லை.
"புளிக்குது" என்றேன்.
அருமை என்று குறித்துக்கொண்டார்.
லேபல் அச்சாகி வந்தபோது
என் புளிப்பு "காட்டு நெல்லி" ஆகியிருந்தது.

விலையை நான் ரூபாயில் பார்க்கவில்லை.
எங்கள் மலையில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர்.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.
அம்மாவின் நாலரைப் பேர்
இருநூறு கிராம்.
இரவு அம்மாவிடம் சொன்னேன்.
யார் வாங்குவார்கள் என்று கேட்கவில்லை.
"அந்த அரை யாரோடது?" என்று கேட்டாள்.

புதிதாக முளைக்கும் கோப்பிப் பிரதேசம் என்று
மாத்தையாவின் கடதாசியில் இருக்கிறது.
புதிதாக.
மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து
எங்கள் ஆட்கள் முதன்முதல் வந்ததே கோப்பிக்குத்தான்;
தேயிலை பிறகு வந்தது.
நடுவில் வந்தது ஒரு தூள்.
இலையின் அடியில் செம்மஞ்சளாய் ஒட்டி
மலை மலையாய்த் தின்றுவிட்டுப் போனது.
போனதா என்று தெரியவில்லை.
தினமும் காலை ஏழு மணிக்கு
நாலு ஏக்கரிலும்
இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம்,
பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல.

எண்பத்தெட்டு எழுதி மூடும்போது கரண்ட் போனது.
வந்ததும்
அடுத்த பக்கெட்டில் மறுபடி எண்பத்தெட்டு எழுதினேன்.
கடைசிப் பக்கெட்டில் 239 என்று விழுந்தபோதுதான்
நெஞ்சு திக்கென்றது.
அழிக்க முடியாத பேனை. நல்ல பேனை.
ருசி பார்க்க வைத்திருந்த போத்தலில் மிச்சம் கிடந்தது.
நிறுத்தேன்: சரியாக இருநூறு, இரண்டு கிராம் கூட.
அந்த இரண்டு கிராமைத் திரும்பப் போத்தலில் போட்டேன்.
களவு என்று சொல்ல விரும்புகிறவர்கள்
அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.
வெறும் பையொன்றில் நிரப்பி, ஒட்டி,
240/240 எழுதினேன்.
ஓர் எண்பத்தெட்டு நஸ்லியின் வேனில் ஏறியது.
மற்றது என் குடைக்குள்.

அம்மா அதில் சீனி போட்டாள். பால்மாவும் போட்டாள்.
தோடம்பழத் தோல் அங்கேயே செத்தது.
ஒரு மிடறு. ஜன்னலுக்கு வெளியே புகார்
அடுத்த மலையை விழுங்கிக்கொண்டிருந்தது.
"நல்லாத்தான் இருக்கு" என்றாள்,
"ஆனா நாலரைப் பேர் இல்ல.
ரெண்டு சொல்லலாம்."

போன வாரம் ஒரு கடிதத்தை மாத்தையா வாசித்துக் காட்டினார்.
ஏதோ குளிர் ஊர். அங்கே ஒருவர்
பக்கெட்டைத் திறக்காமல் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறாராம்.
உலகத்திலேயே ஒன்றுதான் என்பதால்.
என்ன எண் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த போகம் முந்நூறு.
புதுப் பேனை கேட்டிருக்கிறேன்.